இரண்டு லிட்டருக்குக் குறையாது

இரவு பதினொன்றுக்கும் வெயில் அடிக்கிற மாதம்.
இனாரி ஏரியில் மீன்படகுக்கும் விமானத்துக்கும்
ஒரே பலகைத்துறைதான்.
மிதவைக் கால்களை நீரில் ஊன்றி
ஓலாவின் செஸ்னா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.
வடக்கே பனிமான் கன்றுகளுக்குக் காது குறிக்கிறார்கள்,
முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும் அவனுக்கு.
பின்னிருக்கையில் மாவு மூட்டை, சுருட்டிய கயிறு,
அவன் அக்கா கேட்ட காப்பித்தூள்.

எர்த் கம்பியை முதலில் மாட்டினேன்.
ஏணியில் ஏறி இறக்கையின் மூடியைத் திருகினேன்.
இதுவரை எல்லாம் சரி.
தொட்டி நிறைய நிறைய
பெட்ரோலின் குரல் மேல்ஸ்தாயிக்கு ஏறும்.
பதினேழு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுத்தான்
விசையை விடுகிறேன்.

அந்நேரம் பார்த்து ஒரு பொன்விழி வாத்து
குஞ்சுகளோடு துறையைச் சுற்றி வந்தது.
காலையில் ஏழு இருந்தன.
எண்ணினேன். ஆறு.
மறுபடி எண்ணினேன்.

ஏழாவது மிதவைக்குப் பின்னால் இருந்தது.
அதை நான் கண்டுபிடித்தபோது
இறக்கை வழிந்து
ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

வேறெதோடும் குழம்பாமலிருக்க
விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போடுவார்கள்.
நீரில் விழுந்ததும் அது தன் நீலத்தை மறந்துவிடுகிறது.
மயில்கழுத்து, வெங்காயத்தோல்,
ஆறிவரும் காயத்தின் மஞ்சள் என
மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு
வாத்து இருக்கும் பக்கமாகவே நகர்ந்தது.
பார்க்க அழகாக இருந்தது.
அதுதான் எனக்குக் கோபம்.

பெட்டியைக் கிழித்தேன்.
வெள்ளை விரிப்புகள், ஒரு முழம் நீளம்,
கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல.
ஏரியில் போட்டால் நனையாது;
தண்ணீர் அதற்கு யாரோ எவரோ.
எண்ணெய் பட்டால்தான் வாய் திறக்கும்.
அன்னம் என்று சொல்லலாம்.
அன்னங்கள் இந்த ஏரியிலும் உண்டு;
பாலையும் நீரையும் பிரித்து நான் பார்த்ததில்லை,
வேரைத் தின்னும், இலையுதிர்காலத்தில் பறந்துபோகும்.
இது குடித்ததை வயிற்றில் வைத்துக்கொண்டு
அங்கேயே கிடக்கிறது,
யாராவது வந்து எடுக்கும்வரை.

படலம் போகிற திசைக்கு முன்னால்
முழங்காலிட்டு ஒவ்வொன்றாக விரித்தேன்.
ஓலா துடுப்பை எடுத்து
கெட்ட வார்த்தைகளை மெல்லிய குரலில் சொல்லிச் சொல்லி
வாத்துகளை அப்பால் தள்ளினான்.
விரிப்புகளில் ஓரத்திலிருந்து நீலம் ஊறியது.
ஏரியில் தொலைந்த நிறம்
துணியில் திரும்பக் கிடைத்தது.
பிழியாதே என்றேன். பிழியவில்லை.
ஒன்பது விரிப்பும் பைக்குள் போயின.

"ஒரு கோப்பைன்னு எழுதிடு, சைமி."
அவனுக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.
மே மாதமே ஒருமுறை
என் பெயர் அந்த ஏட்டில் ஏறியிருக்கிறது.

வெள்ளைமீன் நிறுக்கிற தராசு
துறைக் கம்பத்தில் தொங்குகிறது.
பையை அதில் மாட்டினேன்.
ஒரு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு.
உலர்ந்த விரிப்பு ஒன்று ஐம்பது கிராம்,
ஒன்பதுக்கு நானூற்றைம்பது.
மிச்சம் ஆயிரத்து நானூற்று நாற்பது.
லிட்டர் எழுநூற்றிருபது.
ஓலா உதட்டுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு
கயிற்றை அவிழ்க்கப் போனான்.

காற்று கொண்டுபோனது தனி.
ஏரி வைத்துக்கொண்டது தனி.
அவற்றை நிறுக்கத் துறையில் தராசு இல்லை.

அவன் கிளம்பிய அலை
பலகைகளை உலுக்கி அடங்கியபிறகு எழுதினேன்:
தேதி. நேரம். இரண்டு லிட்டருக்குக் குறையாது.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
வாத்துக்குஞ்சு எண்ணியதால், என்று எழுதினேன்.
அதிகாரி நம்பமாட்டார்.

பக்கத்தில் சேர்த்தேன்: ஏழு.